குல்மார்க்குக்கு டிக்கெட் போடும் முன் கோவளத்தில் மூன்று காலை!

டிசம்பர் பிறந்தாலே ஓஎம்ஆர் அலுவலகங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு ரீல் சுற்றத் தொடங்கிவிடும். வெள்ளை மலை, நீல வானம், சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர் சர்ரென்று சறுக்கி இறங்குவார். கீழே, "மச்சி, இந்த வருஷம் போயே ஆகணும்" என்று ஒரு மெசேஜ். அதற்குப் பத்து பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். இரண்டே நாளில் ஒரு பேக்கேஜும் குரூப்பில் வந்து விழும். ஐந்து பகல், நான்கு இரவு, ரோப் கார், ஷிகாரா படகு, கடைசி வரியில் 'ஸ்கீயிங் அனுபவம்'.

சிக்கல் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையிலிருந்து பெரும்பாலும் டெல்லி வழியாக ஸ்ரீநகர், அங்கிருந்து காரில் சுமார் 50 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள். தால் ஏரிக்கு ஒரு நாள். ரோப் கார் வரிசைக்கு ஒரு நாள். மிச்சமிருக்கும் நாளில் வாடகை பூட்ஸை மாட்டி, பலகையைக் கட்டி, வழிகாட்டி கையைப் பிடித்து இழுக்க, கொஞ்சம் சறுக்கி, நிறைய விழுந்து, போட்டோ எடுத்து முடிப்பதற்கு ஒரு மணி நேரம். இரண்டு மாத சேமிப்பைக் கொட்டிப் போனவர் திரும்பி வரும்போது பனியைப் பார்த்திருப்பார். ஆனால், சறுக்கக் கற்றிருக்க மாட்டார்.

பனியைப் பார்க்கப் போவது தப்பே இல்லை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பனி என்பது பெரிய ஆசைதான். ஆனால் 'ஸ்கீ பண்ணப் போறோம்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்வது நல்லது. முதல் பனிச்சறுக்கு விடுமுறை என்பது ஒரு வகுப்பு. அதைச் சுற்றுலா மாதிரித் திட்டமிட்டால் காசும் போகும், காலும் போகும்.

அந்த வகுப்பு எப்படி இருக்கும், உடம்பு அதைத் தாங்குமா, விழுந்து விழுந்து எழ மனசு இருக்கிறதா? இதையெல்லாம் தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் கோவளம் வந்துவிடும்.

எந்தக் கோவளம்?

கூகுளில் தேடினால் முதலில் கேரளாவின் கோவளம் வரும். கன்னியாகுமரி பக்கத்திலும் ஒரு கோவளம் உண்டு. இங்கே பேசுவது செங்கல்பட்டு மாவட்டத்தில், ஈசிஆரில், முட்டுக்காடு முகத்துவாரத்தைத் தாண்டியதும் வரும் கோவளம். ஆங்கிலேயர் வாயில் 'கோவ்லாங்' ஆன ஊர். 18-ஆம் நூற்றாண்டில் துறைமுகமாகவும் கோட்டையாகவும் இருந்து, 1752-இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றிய இடம். இன்று தமீம் அன்சாரி தர்காவுக்கும் கார்மேல் மாதா ஆலயத்துக்கும் வருகிறவர்கள் ஒரு பக்கம், மீன் வாங்க வருகிறவர்கள் ஒரு பக்கம், விடிவதற்குள் பலகையோடு கடலில் இறங்குகிறவர்கள் இன்னொரு பக்கம்.

அந்த மூன்றாவது கூட்டம் உருவானதற்கு முக்கியக் காரணம், இதே ஊரின் மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன். அலைமேல் நிற்பதைத் தானே கற்றுக்கொண்டு, பிறகு குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர். தொழிலதிபர் அருண் வாசுவின் ஆதரவோடு 2012-இல் அது 'கோவ்லாங் பாயின்ட்' என்ற அலைச்சறுக்குப் பள்ளியாக வளர்ந்தது. குடி, புகை பக்கம் போகக் கூடாது, பள்ளிக்கூடத்தை விடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு அவர் வைத்த கட்டுப்பாடு. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று பயிற்சியாளர்கள். போட்டிகளில் ஜெயித்தவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு இந்தக் கரை வேகமாகவே வளர்ந்தது. பக்கத்திலுள்ள மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் போட்டியும் அங்கேதான். அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். பனிக்கு காஷ்மீர் என்றால் அலைக்கு இந்தக் கரை என்று சொல்லலாம். ஆனாலும் மேடவாக்கத்திலும் சேலையூரிலும் இருக்கும் நம்மில் பலருக்குக் கோவளம் என்றால் இன்னும் வறுத்த மீனும், கால் நனைத்துவிட்டுத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மாலையும்தான்.

பனியும் அலையும் ஒன்றா?

ஒன்றல்ல. பனிச்சறுக்கில் முகமும் இரண்டு கால்களும் முன்னோக்கி இருக்கும். அலைச்சறுக்கில் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அந்த வகையில் அது ஒற்றைப் பலகையில் பனியில் போகும் ஸ்னோபோர்டிங்குக்குத்தான் நெருக்கம். பனி மலை அசையாமல் நிற்கும், நாம்தான் நகர வேண்டும். கடல் நிற்காது. பனியில் முதலில் கற்க வேண்டியது நிறுத்துவது. அலையில் அந்தக் கவலை இல்லை, அலை முடிந்தால் பயணமும் முடிந்தது. ஆகவே கோவளத்தில் நின்றவர் குல்மார்க்கில் நேராக இறங்கிவிடுவார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் புதியவர் என்ற நிலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பழக்கமில்லாத பலகை. காலுக்கடியில் நம்ப முடியாத தரை. முப்பது வயதில், பத்து வயசுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தாண்டிப் போகும்போது, தொப்பென்று விழும் வெட்கம். பயிற்சியாளர் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று செய்யும் குழப்பம். இரண்டாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாத வலி. ரீலில் தெரியாத இந்த ஐந்தையும் கோவளம் கம்மி செலவில் காட்டிவிடும்.

ஏன் மூன்று காலை?

ஒரு மணி நேர 'டேஸ்டர்' வகுப்பு வேண்டாமா? ஆசைக்குப் போகலாம். கற்கப் போகிறவருக்கு அது போதாது. அடுத்தடுத்த மூன்று நாள், தினமும் காலையில் ஒரு வகுப்பு என்பது நியாயமான தொடக்கம். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் வார இறுதியோடு சேர்த்து முடிந்துவிடும்.

முதல் நாள் பாதி நேரம் மணலில்தான். பலகையின்மேல் குப்புறப் படுப்பது, கையால் தண்ணீரைத் தள்ளுவது, இரண்டு கையையும் ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து நிற்பது. எந்தக் கால் முன்னால் என்பதும் இங்கேதான் முடிவாகும். பின்னாலிருந்து யாராவது லேசாகத் தள்ளினால் தன்னையறியாமல் முன்னே போகும் கால் எதுவோ, பெரும்பாலும் அதுதான். பிறகு இடுப்பளவு தண்ணீர். அலை ஏற்கெனவே உடைந்து நுரையாக வரும் இடத்தில் பயிற்சியாளர் பலகையைப் பிடித்து நேரம் பார்த்துத் தள்ளிவிடுவார். எழுந்தால் ஒரு நொடி. எழாவிட்டால் வாய் நிறைய உப்பு.

விழுவதும் பாடம்தான். தலைகீழாகப் பாயக் கூடாது, பக்கவாட்டிலோ தட்டையாகவோ விழ வேண்டும். தண்ணீருக்கு மேலே வரும்போது தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அலைக்கும் உடம்புக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் வைத்துக்கொள்ளக் கூடாது, அலை அதைத் தூக்கி முகத்திலேயே அடிக்கும். கரைக்குத் திரும்பும்போதும் கடலுக்கு முதுகைக் காட்டாமல் வர வேண்டும்.

இரண்டாம் நாள்தான் நிஜமான சோதனை. தோள்பட்டை தூக்க வராது, விலா வலிக்கும், முட்டி உராய்ந்திருக்கும். "போதும்பா, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்று குரூப்பில் ஒருவராவது சொல்வார். ஆனால் முதல் நாள் தலைக்குப் புரிந்தது உடம்புக்குப் புரிவது இரண்டாம் நாளில்தான். "கீழே பார்க்காதீங்க, கரையைப் பாருங்க" என்று பயிற்சியாளர் நூறாவது முறை சொல்லும்போது திடீரென்று அது வேலை செய்யும். பார்வை எங்கே போகிறதோ உடம்பும் அங்கேதான் போகும். பனியிலும் இதே பாடம்தான்.

மூன்றாம் நாள், யாரும் தள்ளாமல் தானாக ஒரு அலையைப் பார்த்து, திரும்பி, கையால் தள்ளி, எழ முயற்சி. பத்தில் எட்டு தவறிப்போகலாம். அந்த இரண்டுக்காகத்தான் மூன்று நாள். அன்றைக்குத்தான் ஒருவருக்குத் தன்னைப் பற்றி ஒரு உண்மை தெரியும்: இந்த மாதிரிக் கற்றல் பிடிக்கிறதா, இல்லை ரீல்தான் பிடித்ததா? குல்மார்க் டிக்கெட்டைப் போடுவதற்கு முன்பு தெரிய வேண்டிய உண்மையும் அதுதான்.

எந்த மாதம் போவது?

புதியவர்களுக்குப் பொதுவாக பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வசதி. கடல் ஓரளவு அடங்கி இருக்கும், அலை சின்னதாக வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரும். போட்டிகள் ஆகஸ்டில் நடப்பது அதனால்தான். அந்த மாதங்களிலும் வகுப்புகள் உண்டு, ஆனால் அன்றன்றைய கடலைப் பார்த்துப் பயிற்சியாளர் சொல்வதே முடிவு.

நேரம் காலைதான். விடிந்த சில மணி நேரம் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும், இல்லாவிட்டால் அடங்கியிருக்கும். அலை சீராக வரும். வெயில் ஏறி, கடல்காற்று கரைக்கு அடிக்கத் தொடங்கியதும் தண்ணீரின் மேற்பரப்பு கலைந்துவிடும். பத்து மணிக்குச் சாவகாசமாகப் போய் இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்குக் கடல் பாதிதான் கிடைக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல், கொந்தளிப்பு தவிர இன்னொரு காரணமும் உண்டு, அது தென் சென்னைப் புறநகர்வாசிகள் எல்லோருக்கும் சொந்தமானது. செம்பாக்கத்தில் பெய்யும் மழை ஏரி ஏரியாகத் தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரத்தில் கடல். தெருவில் நாம் விட்ட சாக்கடையும் குப்பையும் அதே வழியில்தான் வருகிறது. பெருமழைக்குப் பிறகு குறைந்தது மூன்று நாளாவது கடலில் இறங்காமல் இருப்பது அலைச்சறுக்குக்காரர்களின் பொதுவான வழக்கம். கண், காது, தோல் மூன்றுக்கும் அது நல்லது.

கோவளம் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் அதைப் பெற்ற முதல் கடற்கரை இதுதான். தண்ணீரின் தரம், சுற்றுச்சூழல் பராமரிப்பு, பாதுகாப்பு உட்பட 33 அளவுகோல்களை வைத்து டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு தரும் சான்று. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கொடி பறக்கிறது என்பதற்காக நவம்பர் மழைக்கு மறுநாள் இறங்கிவிட முடியாது. அந்தத் தண்ணீர் சுத்தமாக வருமா என்பது முடிவாவது கோவளத்தில் இல்லை, தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் துரைப்பாக்கத்திலும்தான்.

கடலிடம் வீரம் காட்டக் கூடாது

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். தூரத்துக் கடலில் உருவாகி, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையில் வந்து மோதும் 'கள்ளக்கடல்' பற்றிய எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. படித்தவர்கள், இளைஞர்கள், விடுமுறைக்கு வந்தவர்கள். நம்மைப் போன்றவர்கள்தான்.

வங்கக் கடலில் புதியவர் பயப்பட வேண்டியது உயரமான அலையைவிட, கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டத்தைத்தான். வேடிக்கை என்னவென்றால் அது பார்க்க அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பாதை மட்டும் நுரையில்லாமல் தெரிந்தால், 'இங்கே அலை இல்லை, இறங்கலாம்' என்று தோன்றும். அதுதான் வலை. சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, போட்டால் களைப்புதான் மிஞ்சும். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பிலிருந்து வெளியேற வேண்டும். பலகை கையில் இருந்தால் அதை விடவே கூடாது, அதுதான் மிதவை.

கிளம்பும் முன் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் அலை எச்சரிக்கையை போனிலேயே பார்த்துவிடலாம். அதைவிட நம்பகமான ஒன்று கரையில் நிற்கிறது. "இன்னைக்குக் கடல் சரியில்லைங்க, நாளைக்கு வாங்க" என்று பயிற்சியாளரோ, படகைக் கடலில் இறக்காமல் உட்கார்ந்திருக்கும் மீனவரோ சொன்னால், அங்கே விவாதம் கிடையாது. "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம்" என்பது கடலுக்குக் கேட்காது.

யாரிடம் கற்பது?

ஈசிஆர் முழுக்க இப்போது சர்ஃப் பள்ளிகள் முளைத்திருக்கின்றன. இன்ஸ்டாகிராம் பக்கம் அழகாக இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? பயிற்சியாளருக்கு உயிர்காப்புப் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் இருக்கிறதா? புதியவர்களுக்கு மென்மையான ஃபோம் போர்டு தருகிறார்களா? கடினமான ஃபைபர் போர்டு முதல் நாளுக்கு ஆபத்து. காலோடு பலகையைக் கட்டும் லீஷ் கயிறு நல்ல நிலையில் இருக்கிறதா? இறக்கிவிடும் இடம் மணல் தரையா? கோவளம் 'பாயின்ட்' என்பது கரை கடலுக்குள் நீண்டிருக்கும் முனையை ஒட்டி அலை ஒரே பக்கமாக உடையும் இடம். அது அனுபவசாலிகளுக்கானது, புதியவருக்கான இடம் அதுவல்ல. கடல் மோசமாக இருந்து வகுப்பு ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் கிடைக்குமா?

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி. "நீச்சல் தெரியுமா? ஆஸ்துமா, வலிப்பு, தோள்பட்டைக் காயம் ஏதாவது இருக்கா?" என்று கேட்காமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கற்க வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நடக்கும் முதல் வகுப்புக்கு நீச்சல் கட்டாயம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். இருந்தாலும் நீச்சல் தெரியாதவர் முதலில் இரண்டு மாதம் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு வருவதே புத்திசாலித்தனம். கடற்கரை மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு நீந்தத் தெரியாமல் இருப்பது, அலைச்சறுக்குக்குப் போகாவிட்டாலும் மாற்ற வேண்டிய நிலைமை.

உடைக்குப் பெரிய செலவில்லை. உடம்போடு ஒட்டிய முழுக்கை ராஷ் கார்டு, முட்டி வரை லெகிங்ஸ் அல்லது ஷார்ட்ஸ், தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீன். ஜீன்ஸ், தளர்ந்த பருத்தி டி-ஷர்ட் வேண்டாம், நனைந்தால் கனக்கும். "பெண்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா?" என்று வீட்டில் யாராவது இழுத்தால், மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்திலிருந்து வந்து சின்ன வயதிலேயே அலைமேல் நின்ற கமலி மூர்த்தியின் பெயரைச் சொல்லலாம்.

அப்புறம்... குல்மார்க்?

மூன்று காலையும் முடிந்து, உடம்பு வலித்தும் முகத்தில் சிரிப்பு இருந்தால், தாராளமாகப் போகலாம். பிப்ரவரியில் கோவளம், அடுத்த ஜனவரி - பிப்ரவரியில் குல்மார்க் என்று வைத்துக்கொண்டால் நடுவில் உடம்பைத் தயார் செய்யவும் பணம் சேர்க்கவும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருக்கிறது.

முதலில் வகுப்பைப் பிடிக்க வேண்டும், ஹோட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியில் உள்ள அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம் சோலங் பள்ளத்தாக்கில் பயிற்சி தருகிறது. உத்தராகண்டின் ஔலியில் அரசு சுற்றுலாக் கழகம் வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. ஜோஷிமட்டில் நிலம் இறங்கியதால் அங்கிருந்து ஔலி செல்லும் ரோப் கார் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது, ஆகவே போக்குவரத்து நிலவரத்தை விசாரித்துவிட்டுத் திட்டமிட வேண்டும். அரசு வகுப்புகளில் தேதியும் வயது வரம்பும் அவர்கள் வைப்பதுதான். அந்தத் தேதிக்கு ஏற்றபடி லீவு கேட்க வேண்டும். தனியார் பயிற்சியாளர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு இல்லாமல் குறைந்தது நான்கு நாளுக்குப் பேச வேண்டும்.

அடுத்து, உயரம். உதகை சுமார் 2,240 மீட்டர். குல்மார்க் 2,650. சென்னையிலிருந்து போய் இறங்கிய அன்றே பூட்ஸை மாட்டினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். முதல் நாளை ஓய்வுக்கே விட வேண்டும். ரோப் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டுபோகும். ரீல்களில் வரும் வெள்ளைச் சரிவுகள் பெரும்பாலும் அங்கே எடுத்தவைதான். அங்கே புதியவர் சறுக்குவதற்கு எதுவும் இல்லை. அவர் கற்கப் போவது கீழே, ஊரை ஒட்டிய மிதமான சரிவில்.

கோவளத்தின் மணல் பாடம் போலவே இங்கும் தொடங்கும். பூட்ஸோடு நடப்பது, விழுவது, எழுவது. பிறகு இரண்டு பலகையின் நுனிகளையும் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, வேகத்தைக் குறைப்பது. பீட்சா துண்டு மாதிரி இருப்பதால் பயிற்சியாளர்கள் இதைப் 'பீட்சா' என்றே சொல்வார்கள். இது கைவரும் வரை மேலே போகும் ஆசையே வேண்டாம். பூட்ஸை வாடகைக்கு எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் கொஞ்சம் விலக வேண்டும், குதிகால் தூக்கவே கூடாது. தளர்வாக இருந்தால் சௌகரியம் என்று எடுத்துவிட்டால் அடுத்த நான்கு நாளும் தண்டனை. உள்ளே பருத்தித் துணி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் குளிர் எலும்பில் ஏறும். மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போட்டு மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி.

கடைசியாக, பனியே வராமலும் போகலாம். 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் புல்தரையாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் அறை, தேதி மாற்றக்கூடிய டிக்கெட், இரண்டும் முக்கியம். பயணக் காப்பீடு எடுத்தால் போதாது, அதில் பனிச்சறுக்கு அடங்குமா என்று பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும். சாகச விளையாட்டை விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய.

கரை யாருடையது?

கோவளத்துக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அது படகு ஏறும், வலை காயும், மீன் ஏலம் போகும் இடம். நமக்கு விடுமுறையாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒருவருக்கு வேலை நாள். வலையை மிதித்துத் தாண்டக் கூடாது. படகு வரும் வழியில் பலகையோடு நிற்கக் கூடாது. கேட்காமல் யார் முகத்திலும் கேமராவை நீட்டக் கூடாது.

அதே நேரம், கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் ஒரு மீனவர் வீட்டுக்கு வருமானம் வர இந்த வகுப்புகள் ஒரு வழி. ஆகவே பெரிய விடுதியின் பேக்கேஜில் கற்பதா, ஊர்ப் பிள்ளைகள் நடத்தும் பள்ளியில் கற்பதா என்ற கேள்வி வந்தால், பாதுகாப்பு சரியாக இருக்கும் பட்சத்தில் இரண்டாவதற்கே ஓட்டு. கடலைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்லும் கண், அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இருக்கும். அந்தக் கண்ணுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். குல்மார்க்கிலும் இதே கதைதான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரரான ஆரிஃப் கான், குல்மார்க் அடிவாரத்துக்காரர்.

அடுத்த முறை குரூப்பில் அந்த ரீல் வந்தால், கட்டைவிரலுக்குப் பதிலாக ஒரு கேள்வியைப் போடலாம்: "பிப்ரவரியில ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு... காலை ஆறு மணிக்குக் கோவளம். யாரெல்லாம் வர்றீங்க?"

மூன்றாம் நாளும் வருகிறவர்களோடு குல்மார்க்குக்கு டிக்கெட் போடலாம்.